ஹக்கலையில் அம்மாவைத் தேடிய பிற்பகல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பேச்சில்லாமையிலிருந்து வந்தது. என் அம்மா விஜயலெட்சுமியும் இராக்கம்மா அத்தையும் பதினொரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை என்றால் இரத்த உறவு கிடையாது. ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ஒரே லயத்தில், அந்த வரிசை வீட்டில், எங்களுக்கு அடுத்த காம்பிரா அறையில் முப்பது வருடம் குடியிருந்தவள். நடுவில் ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்படி இருந்த இரண்டு பேர் ஒருநாள் காலையில் பேச்சை நிறுத்தினார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஹக்கலைப் பூங்காவுக்குப் போன பிற்பகல்வரை நிறுத்தியே வைத்திருந்தார்கள்.

அந்தப் பிற்பகலைத்தான் எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது. அலுத்துவிட்டது. நான் ஒரு தமிழ் வாத்தியார். பகலெல்லாம் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளில் "முடிவுரை எங்கே?" என்று சிவப்பு மையால் எழுதுகிறவன். எனக்கோ முன்னுரையே வரவில்லை.

கிழித்த தொடக்கங்களைக் காட்டிவிடுகிறேன். ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலாவது: "பனி தழுவும் மலைச்சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்..." [கிழித்தேன். தோட்டத்தில் பிறந்தவன் எவனும் தேயிலையைக் கம்பளம் என்று சொல்லமாட்டான். கம்பளத்தின் மேல் நடக்கலாம்.]

இரண்டாவது: "ஆங்கிலேயர் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து எடுக்கும் சிங்கோனா மரங்களை நடுவதற்காக ஹக்கலை மலையடிவாரத்தில்..." [இது பாடப்புத்தகம். சம்பளத்துக்குச் செய்கிற வேலையைக் கதையிலும் செய்வானேன்?]

மூன்றாவது: "சீதை சிறையிருந்த அசோகவனம் இதுதான் என்று சொல்லப்படும் இடத்தில், இன்னுமொரு பெண் தனியாக..." [வேண்டாம். அம்மாவைச் சீதையாக்கினால் இராவணன் யார்? பஸ் ஓட்டிய மர்ஸூக் நானாவா? பாவம், அவருக்கு முதுகுவலி.]

நாலாவது: "அம்மாவைக் காணோம்." [இது நல்ல தொடக்கம்தான். ஆனால் யாருடைய அம்மா, எங்கே, என்ன ஏது என்று தெரியாமல் நீங்கள் எதற்குப் பதறப்போகிறீர்கள்?]

சிறப்பு மலர் ஒன்றுக்காக என்னிடம் கதை கேட்ட பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: "சேர், மலையகக் கதைதானே? கொஞ்சம் அட்டை, கொஞ்சம் மழை, கடைசியில ஒரு கண்ணீர். பத்துப் பக்கத்துக்குள்ள." அன்றைக்கு மழை பெய்யவில்லை. அட்டை ஒருவரையும் கடிக்கவில்லை. நான் என்ன செய்ய?

2

பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் நிரஞ்சலாதான் மாதர் சங்கத்துக்கும் செயலாளர். கோயில் திருவிழா நல்லபடியாக முடிந்த களைப்பில் அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை வந்தது. மலையிலேயே பிறந்து மலையிலேயே வேலை செய்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஹக்கலைப் பூங்காவைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்வந்தால் என்ன?

நாற்பத்து மூன்று பேர். பதுளை மர்ஸூக் நானாவின் பஸ். படம் எடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம் என்று எழுத ஆசை. ஏழு மணிக்கு ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். எட்டரைக்கு ஏறினோம். பண்டாரவளையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் எடுத்தன. வெலிமடையில் "மரக்கறி நல்லா பச்சப்பசேல்னு இருக்கு" என்று ஒருத்தி இறங்க, பஸ்ஸே இறங்கியது. பூங்காவுக்குப் போகிற வழியில் இத்தனை பெண்கள் லீக்ஸ் வாங்குவதை நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனநிலையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா டிரைவருக்குப் பின் சீட்டில். அத்தை கடைசி சீட்டில். யாரும் சொல்லி வைக்கவில்லை. பதினொரு வருடத்தில் அது அவர்களுக்குக் கைவந்த கலை. கோயிலில் அம்மா இடப்பக்கம் நின்றால் அத்தை வலப்பக்கம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருத்தி வந்தால் மற்றவள் கூடையைச் சரிசெய்யக் குனிவாள். அம்மா ஓய்வு பெற்ற பிறகு கடை, ஆஸ்பத்திரி, சாவு வீடு.

வழியில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தபோது, அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் டப்பா கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. கடைசி சீட்டில் அத்தை அதை வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். திரும்ப மூடி, பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். வெறுஞ் சோற்றைத் தின்றாள்.

* இந்த ஊறுகாய் விஷயத்தை நான் கற்பனை செய்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் ஒரு துண்டாவது எடுக்க வைத்திருப்பேன்.

3

பூங்காவுக்குள் நுழையும்போது மணி இரண்டு.

(பூங்காவின் வழிகளை இந்தக் கதையை நம்பிக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ரோஜாத் தோட்டம் குளத்துக்கு எந்தப் பக்கம் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் போன் திரைக்குள்தான்.)

அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்கவில்லை. பின்னால் சுவர் மாதிரி ஹக்கலைப் பாறை. நூறு வருடத்துக்கும் மேலான மரங்கள். கழுத்தை முறித்துப் பார்த்தாலும் உச்சி தெரியாது. புல்வெளி முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். ஆனால் இருபது பெண்கள் ஒரு ரோஜாச் செடியைச் சுற்றி நின்றுகொண்டு "வாத்தியாரே, இதையும் ஒன்னு", "கண்ண மூடிட்டேன், திரும்ப எடுங்க", "என்னா எனக்குத் தல மட்டும் விழுந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் வரலாற்றுப் பூங்காவாவது மண்ணாவது.

அம்மா படத்துக்கு நிற்கவில்லை. மரம் மரமாகப் போய்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தமிழென்றால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். பலகைகளில் இருந்ததோ வாயில் நுழையாத தாவரப் பெயர்கள்.

"கொமாரு, இது என்னா மரம்?"

வாசித்துச் சொன்னேன்.

"இது?"

சொன்னேன்.

"அந்தா அது?"

"அம்மா, எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். மரம்னா மரம். நடங்கம்மா."

அம்மா போனை என்னிடம் நீட்டி, "இத நீயே வச்சுக்க, கீழ விழுந்துரும்" என்றாள். வாங்கிப் பையில் போட்டேன். ரோஜாப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனேன்.

அதன் பிறகு அம்மாவை நான் பார்க்கவில்லை.

4

மூடும் நேரம் நெருங்கியபோது நிரஞ்சலா கேட்டுக்கு வெளியே நின்று தலை எண்ணினாள். நாற்பத்திரண்டு. திரும்ப எண்ணினாள். நாற்பத்திரண்டு. பிள்ளைகளைப் பஸ்ஸில் உட்கார வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒரு பிள்ளை சீட்டுக்கடியில் இருந்தது.

"விஜயலெட்சுமி அக்காவக் காணோம்" என்றாள்.

அம்மாவின் போனுக்கு அடித்தேன். என் பையிலேயே அடித்தது.

உள்ளே காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பாறையின் தலையிலிருந்து மூட்டம் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மர்ஸூக் நானா பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வாத்தியார், நான் அவசரப்படுத்த இல்ல. ஆனா மிஸ்ட் எறங்கினா வெலிமட எறக்கத்துல ரோட் வெளங்காது. பொம்புளப் புள்ளைகள வச்சிட்டு நான் றிஸ்க் எடுக்க ஏலாது."

"கொஞ்சம் பொறுங்க நானா."

"பொறுக்கிறன். மிஸ்ட் பொறுக்குமா?"

எல்லாரும் களைத்திருந்தார்கள். லீக்ஸ் வாடிக்கொண்டிருந்தது. "அவ அந்தப் பக்கம் போனத பாத்தேன்" என்று மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள். நான் கேட்டை நோக்கித் திரும்பியபோது பஸ்ஸின் பின்கதவு வழியாக இராக்கம்மா அத்தை இறங்கினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, முதலில் இடக்காலை வைத்து, பிறகு வலக்காலை. அறுபத்து மூன்று வயது. இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

"நான் போறேன்" என்றாள்.

நிரஞ்சலாவுக்கு வாய் தவறிவிட்டது. "நீங்களா அத்தே?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லயா?"

இந்த இடத்தில்தான் நான் எழுதிக் கிழித்த நாலு படிகளும் கவிழ்ந்தன. ஏன் இறங்கினாள்? முதற்படியில் "பழைய பாசம் அவள் நெஞ்சில் ஊற்றெடுத்தது" என்று எழுதினேன். [ஊற்றெடுத்ததை யார் பார்த்தது?] இரண்டாம் படியில் அவளுக்கு ஒரு கனவு வந்ததாக எழுதினேன். [வெட்கக்கேடு.] கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் அந்த ஆளிடமே கேட்டுவிடுவதுதான் ஒழுங்கு. கேட்க முடியாது. அன்றைக்கிலிருந்து இராக்கம்மா அத்தை என்னோடு பேசுவதில்லை. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

5

இதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் திரும்பக் கிழித்துவிடுவேன்.

எங்கள் தோட்டத்துக்கு இருபது புது வீடுகள் வந்தன. ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, சமைக்கக் குசினி, தனிக் கக்கூசு. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கு அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. யார் யாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு தோட்டத் தலைவருக்கு வந்தது. தலைவர் என் அப்பா இராசையா. எழுத்து நன்றாக இருப்பவன் நான். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வாத்தியார் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன்.

அப்பா பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்தபோது இருபத்தொரு பெயர் இருந்தது.

அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். "என் வாயால ஒரு பேர எடுன்னு சொல்ல மாட்டேன்டா. நீ படிச்சவன். பாத்து ஒன்ன எடுத்துரு" என்றார்.

எடுத்தேன். பதினைந்தாவதாக இருந்த இராக்கம்மா அத்தையின் பெயரை எடுத்தேன். மகன் அஜந்தன் கொழும்பில் கடையில் வேலைக்குப் போய்விட்டான்; வீட்டில் ஒற்றை ஆள்; மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல காரணம். இன்றைக்கும் யாராவது கேட்டால் நல்ல காரணம்தான் என்பார்கள். நாலாவதாக இருந்தது எங்கள் பெயர். எங்கள் வீட்டிலும் நான் வளர்ந்தவன், சீக்கிரம் வேலைக்குப் போகப்போகிறவன். அந்தப் பெயரின் மேல் என் பேனை நிற்கக்கூட இல்லை.

புதுத் தாளில் இருபது பெயரை அழகாக எழுதினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

(முந்தைய படிகளில் இதை "இராக்கம்மாவின் பெயர் விடுபட்டுப்போனது" என்று எழுதியிருந்தேன். தமிழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. விடுபட்டது என்றால் யாரும் விடவில்லை. கண்ணாடி உடைந்தது, பால் பொங்கியது, பெயர் விடுபட்டது. இந்த வினைகளை நான் எட்டாம் வகுப்புக்குப் பாடமாக நடத்துகிறேன். எடுத்தேன். நான் எடுத்தேன். தன்மை ஒருமை இறந்தகாலம்.)

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்துச் சுவரில், பட்டியலை ஒட்டினார்கள். அத்தை நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். அப்பாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டாள்.

"லெச்சுமி, என் பேரு எங்கடி?"

"எனக்கு ஒன்னுமே தெரியாதுடி, இராக்கு."

அது உண்மை. அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

"தலைவரு பொண்டாட்டி. ஒனக்குத் தெரியாம நடக்குமா?"

நான் உள்ளே இருந்தேன். இரண்டு அடி வைத்தால் வாசல். வைக்கவில்லை. அத்தை போனாள். அதோடு பேச்சு நின்றது. நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். அவள் இன்றைக்கும் அதே லயத்தில், அதே காம்பிராவில் இருக்கிறாள். கூரைத் தகரத்தின் மேல் கல் வைத்திருக்கிறாள். அப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்தார். அம்மாவிடம் அவரும் சொல்லவில்லை.

6

அத்தையும் நானும் பன்னங்கள் (பெரணிச் செடிகள்) வளர்ந்திருக்கும் ஓடைப் பக்கமாக இறங்கினோம். ஆள் உயரத்துக்கும் மேலே குடை விரித்த மரப் பன்னங்கள். அடியில் வெளிச்சம் குறைந்துவிட்டது. படி ஈரமாக இருந்தது. கையைக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஒங்கம்மாவுக்கு என்னைக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு?" என்று படிகளைத் திட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். "பதுளைத் தேருக்குப் போனப்பவும் இப்பிடித்தான். நானும் ஒங்கப்பாவும் தெருத்தெருவா தேடுறோம். அவ மொஹிதீன் கடையில சீராப் போய் ஒக்காந்து சர்பத் குடிச்சுக்கிட்டு இருக்கா. கேட்டா, 'நீங்க வருவீங்கன்னு தெரியும்'ங்கறா."

"அம்மா! அம்மா!" என்று நான் கத்தினேன்.

"அப்பிடி கத்துனா கேக்காது. அவளுக்கு எடது காது மந்தம்."

எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் பேசாதவளுக்குத் தெரிந்திருந்தது.

கீழே வந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டியை அமுக்கினாள். மூச்சு வாங்கியது. "என் பேருக்காக ஒரு வார்த்த வாயத் தொறக்காதவ. அவளத் தேடி இந்தப் பள்ளத்துல எறங்குறேன் பாரு. என்னையச் சொல்லணும்."

இனி நான் சொன்னது.

[அ. "அத்தை, உங்களிடம் ஒரு உண்மையைக் கூற வேண்டும்." நாடகம்.]

[ஆ. அவள் காலில் விழுந்தேன். விழவில்லை. படியில் பாசி.]

[இ. சொல்லாமல் நடந்தேன். இதைத்தான் பதினொரு வருடம் செய்தேன்.]

நான் சொன்னது இதுதான்: "அம்மா இல்ல அத்தே. நான்."

"என்னா நீ?"

"அந்த லிஸ்ட். ஒங்க பேர எடுத்தது நான். அம்மாவுக்கு ஒன்னும் தெரியாது. இப்பவும் தெரியாது."

அத்தை முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள். மேலே எங்கோ விசில் சத்தம்.

"ஒங்கப்பா எடுக்கச் சொன்னாரா?"

ஆமாம் என்றிருக்கலாம். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. பாதி உண்மையும்கூட.

"ஒரு பேர எடுன்னுதான் சொன்னாரு. ஒங்க பேருன்னு சொல்லல. அது நானா எடுத்தது."

"ஏன் என் பேரு?"

"நீங்க தனியா..." என்று தொடங்கினேன்.

"தனியா இருக்கவளுக்கு மழ பெய்யாதா?"

இந்த வரிக்குக் கீழே ஒரு பதிலை எழுதலாம் என்று எட்டு மாதமாக இடம் விட்டு வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. கை ஓங்கவில்லை. முகத்தில் இருந்தது, நான் எத்தனை பெயர் வைத்துப் பார்த்தாலும், எரிச்சல். பெரிய, ஆழமான எரிச்சல். அடுப்பை எரிய விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டதை நினைத்துக்கொண்டவள் மாதிரி.

"பதினோரு வருசம்" என்றாள். "பதினோரு வருசமா தப்பான ஆளோட பேசாம இருந்திருக்கேன்."

அப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்குக் கேட்டது. தலையைத் திருப்பினாள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முப்பது வருடம் கேட்ட சிரிப்பு.

"அந்தா இருக்கா" என்றாள். நடந்தாள். நானும் நடந்தேன். வேலி ஓரமாக, நாற்று வளர்க்கும் கொட்டில். அதற்குப் பின்னால் பூங்காவில் வேலை செய்யும் நாலைந்து பெண்கள் வேலை முடித்துக் கை கழுவி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், நீளப் பலகை ஒன்றின் மேல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் ஒரு கோப்பைப் பிளேன்டீயும் உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டுமாக, என் அம்மா.

நான் ஓடப் பார்த்தேன். அத்தை கையைக் குறுக்கே நீட்டினாள். "நீ இங்கயே நில்லு."

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது.

7

முடிவு.

மலர் ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மூட்டம் அவர்களை மூடுகிறது. [மூட்டம் அந்தப் பக்கம் வரவேயில்லை.]

கூட்டங்களில் பேசும் நண்பருக்குப் பிடித்த முடிவு: நான் எங்கள் வீட்டை அத்தைக்கு எழுதிக் கொடுக்கிறேன். [எதை எழுதிக் கொடுப்பது? வீட்டுக்கு இன்றுவரை உறுதிப் பத்திரம் வரவில்லை. வந்தாலும் அது அம்மாவின் பெயரில் வரும். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தியின் பெயரை எடுத்து இன்னொருத்தியின் பெயரைப் போடுவது எனக்குப் பழகிய வேலைதான் என்கிறீர்களா?]

என் மனைவிக்குப் பிடித்த முடிவு: கதையை எழுதாதே, நேரே போய் அம்மாவிடம் சொல். [இதற்கு அடைப்புக்குறிக்குள் எழுத ஒன்றும் இல்லை.]

நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது அடி தூரத்தில் நான் நின்றேன். அத்தை அம்மாவின் முன்னால் போய் நின்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. எழவில்லை. பலகையில் இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தாள். அத்தை, வலது காதுப் பக்கமாக, உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். அம்மா உள்ளங்கையிலிருந்த கருப்பட்டியைக் கடித்து, பாதியை நீட்டினாள். அத்தை வாங்கினாள்.

என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவர்கள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தையின் கை ஒரு தடவை மேலே போனது. கண்ணைத் துடைத்தாளா, கொசுவை அடித்தாளா என்று சத்தியமாகத் தெரியவில்லை. காவலர் வந்து என்னிடம், "மாத்தயா, மூடப் போறோம்" என்று சிங்களத்தில் சொன்னார். நான் அவர்களைக் காட்டினேன். அவரும் பார்த்தார். போய் வேறு கேட்டை மூடிவிட்டு வந்தார்.

பஸ்ஸில் இருவரும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். மர்ஸூக் நானா மூட்டத்துக்குள் ஊர்ந்தார். ஊவா பரணகமை தாண்டும்போது பார்த்தேன். இருவரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். இப்போது அத்தை வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். குசினியில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுகிறாள். நான் உள்ளே போனால் நிறுத்தி, கூரையைப் பார்க்கிறாள். நல்ல கூரை. ஒழுகாத கூரை.

அன்று அவள் அம்மாவிடம் சொன்னாளா? எட்டு மாதமாக அம்மாவின் முகத்தில் தேடுகிறேன். வழக்கம்போல் திட்டுகிறாள், வழக்கம்போல் சோறு போடுகிறாள். ஒன்றும் தெரியவில்லை. வாத்தியாராக இருந்து என்ன, வாசிக்கத் தெரியவில்லை.

8

மேலே உள்ளதெல்லாம் போன வாரம் எழுதியது. இது இன்று.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, அந்த வெள்ளையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நான் தாள்களை மேசையில் தட்டி அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "என்னடா எழுதுற, எட்டு மாசமா? எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றாள்.

மறுத்திருக்கலாம். முதல் பகுதியை வாசித்தேன். மர்ஸூக் நானாவின் முதுகுவலிக்குச் சிரித்தாள். இரண்டாம் பகுதியில், "அந்தச் சிறுக்கி ஊறுகாய எடுக்கலயா? பாரேன்" என்றாள். மூன்றாம் பகுதியில் நான் எரிந்து விழுந்த இடத்தை மெதுவாக வாசித்தேன். கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

நாலாம் பகுதிக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது.

"நான் எங்கடா தொலஞ்சேன்? கக்கூசத் தேடிப் போனேன். அந்தப் புள்ளைங்க, 'வாங்கம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க'ன்னுச்சுங்க. நான் இருந்த எடத்துலதான் இருந்தேன். நீங்கதான் தொலஞ்சு போனீங்க."

"சரிம்மா, மாத்திடுறேன்."

"மாத்து." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "என்னமோ வாசிச்சியே, இராக்கு ஒங்கிட்ட பேசறதில்லன்னு."

"ஆமாம்மா."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ உள்ள வந்தா அவ வாய மூடிக்கிறா. ஏன்டீன்னு கேட்டேன். ஒரு தடவ இல்ல, பத்துத் தடவ. 'ஒம் மகனையே கேளு'ங்கறா. வேற ஒன்னும் சொல்ல மாட்டேங்கறா." அம்மா முகத்தை என் பக்கமாகத் திருப்பினாள். "கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நீயா சொல்லுவன்னு விட்டுட்டேன்."

நான் தாள்களை இன்னொரு தடவை தட்டி அடுக்கினேன்.

"அடுத்ததுல இருக்குன்னுதானே வாசிச்ச?"

"ஆமாம்மா."

ஐந்தாம் பகுதி என் கையில் இருக்கிறது. நீங்கள் அதை வாசித்துவிட்டீர்கள். அம்மா இன்னும் இல்லை. தாளைத் திருப்பினேன். அதன் முதல் வரியில் இதை ஒரே மூச்சில் எழுதிவிடுவதாக எழுதியிருக்கிறேன். எனக்கு மூச்சு வரவில்லை. இதற்கு மேல் இந்தக் கதையில் நான் எழுத ஒன்றும் இல்லை. இதற்கு மேல் நடப்பதைப் பத்துப் பக்கத்துக்குள் அடைக்கவும் முடியாது.

அம்மா நாற்காலியை இழுத்து, வலது காதை என் பக்கம் வைத்து உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள். "படி."